மோட்டார் கொட்டாயின் மூச்சு

"ரெண்டு பீட் வரணும்க்கா. நீங்க ஒன்னரதான் வுட்டீங்க."

பாஸ்கர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலே ஒரு பச்சைக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. பச்சை எங்கள் எட்டி அண்ணன் வாசித்ததாம். சிவப்பு சற்று முன் நான் வாசித்தது. பச்சைக் கோடு ஓர் இடத்தில் அப்படியே படுத்துக் கிடந்தது. சிவப்பும் அதே இடத்தில் படுத்தது, ஆனால் சீக்கிரம் எழுந்துவிட்டதாம்.

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. பகல் பதினொரு மணி. முந்தின நாள் விசேஷத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மேசைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஐந்தாறு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான், மடியில் என் பழைய கிட்டார்.

பாகூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா மூட்டையில் ஈரம் இருக்கிறது என்று வாய்ச்சண்டைக்கு வருகிறவர்களைத் தினம் பத்துப் பேரையாவது சமாளிக்கிறேன். அப்படிப்பட்டவள் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பரீட்சையில் ஃபெயில் ஆகி உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க முன்னாடி வரிசையில வந்து ஒக்காந்தா போதும்க்கா. ஒங்களுக்கு சால்வ போடறோம்" என்றார் பாஸ்கர்.

"சால்வய நீயே போத்திக்கப்பா, குளிருதுன்னா" என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை உறையில் போட்டேன்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். கோபத்தில் எனக்கு அழுகை வரும், ஆனால் அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

தொடாதே கட்சி

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எட்டி என்கிற எட்டியப்பன் என் பெரியப்பா மகன். பண்டசோழநல்லூரில் பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் ராக் கிட்டார் வாசித்தவர். 'மோட்டார் கொட்டாய்' என்ற எங்கள் பேண்டை ஆரம்பித்தவரும் அவர்தான். அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு பாண்டிக் கடற்கரை மேடையிலும் சென்னைக் கல்லூரிகளிலும் ஆயிரக்கணக்கான பேரைத் தலையாட்ட வைத்தார். போன மழைக்காலத்தில் மாரடைப்பு. வரப்பிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் போன பிறகு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்தது. ஓர் அஞ்சலிக் கச்சேரி நடத்தலாம் என்று யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து சண்டை.

ஒன்று தொடாதே கட்சி. எட்டி வாசித்ததை வேறு எவனும் மேடையில் வாசிக்கக் கூடாது, ஸ்பீக்கரில் ஒலிநாடாவைப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்னொன்று, தொட்டால் அப்படியே தொடு கட்சி. அதன் தலைவர்தான் பாஸ்கர். ஒரு நோட்டுகூட மாறக் கூடாது, மாறினால் அது அண்ணனுக்குச் செய்கிற துரோகம் என்பார். மின்துறை ஒப்பந்த வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர். அண்ணனின் இறுதி ஊர்வலத்தில் பாடையை ஒரு முனையில் பிடித்து நடந்தவர். அவரை வெறுக்க எனக்கு வரவில்லை என்பதும் ஒரு தொல்லை.

'அவரவர் கைக்கு வந்தபடி வாசித்தால் என்ன, எட்டி அண்ணனே ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசித்ததில்லையே' என்று நான் ஒருநாள் குழுவில் எழுதினேன். பதினைந்து பேர் கைகூப்பிய படத்தைப் போட்டார்கள். ஒருவர், 'அக்கா குடும்பம் என்பதால் மரியாதையோடு விலகிக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறி, சாயங்காலமே திரும்பி வந்தார்.

எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரே பாட்டில்தான் வந்து முட்டும். 'கோடைத் தண்ணி'. அதன் நடுவில் வரும் கிட்டார் சோலோ. அந்த சோலோவின் நடுவில் திடீரென்று எல்லாம் நின்று, இரண்டு பீட் நேரத்துக்கு ஒன்றுமே கேட்காது. பிறகு எங்கோ உயரத்தில் ஒரு நோட்டில் கிட்டார் திரும்ப வந்து விழும். அந்த இடைவெளிக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'எட்டி மூச்சு'. அதைக் கையில் பச்சை குத்திக்கொண்டவன் ஒருவன் நெட்டப்பாக்கத்தில் இருக்கிறான். மூச்சுக்குப் பிறகு அடியில் ஓடும் ரீங்காரத்தைத் தம்பூரா என்றார் ஒருவர். அதற்கும் பிறகு சன்னமாகக் கேட்கும் மழைச் சத்தத்தைப் பற்றி பாஸ்கரே நீளமான கட்டுரை எழுதியிருக்கிறார். கோடையில் மழைக்கு ஏங்கும் விவசாயியின் மனமாம்.

அந்த சோலோவுக்காகப் பாஸ்கர் கட்சிக்காரர்கள் சென்னையிலிருந்து ரோஷன் என்ற கிட்டார்காரரை வரவழைத்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான், நானே வாசிக்கிறேன் என்று போனேன். ஒன்றரை பீட் விட்டு ஃபெயில் ஆனேன்.

பங்கு மோட்டார்

எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில், வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார். ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. மோட்டார் இருக்கிற கொட்டாய் இரண்டு பேருக்கும் பொது என்பதால், அங்கே யார் என்ன செய்தாலும் தட்டிக் கேட்க வேண்டியவர் மற்றவர்தான் என்று இரண்டு பேருமே சும்மா இருந்துவிடுவார்கள். எங்கள் பேண்ட் வளர்ந்ததே அந்தச் சந்தில்தான்.

ஒத்திகைக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நானும் போவேன். டிரம்ஸ் கதிர், பேஸ் கிட்டார் சேகர், அண்ணன், நான். அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவர் கிட்டாரை எடுத்து வாசித்துப் பழகியவள் நான். மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று அவரை உபசாரம் செய்ததெல்லாம் பாசத்தால் இல்லை.

கொட்டாயில் லைட்டுக்கு எப்போதும் கரண்ட் இருக்கும். மோட்டாருக்கு வேண்டிய மூன்று ஃபேஸ் கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். வந்தவுடன் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்க ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' என்று ஒரு சுவிட்ச். விவசாயிக்கு அது வரம், எங்களுக்கு எமன். மோட்டார் எடுக்கிற நொடியில் வோல்டேஜ் இறங்கி, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற எங்கள் ஆம்ப் செத்துப்போகும்.

அதனால் கொட்டாயில் ஒரு சட்டம் இருந்தது. வாசிக்கும் முன் ஆட்டோவை ஆஃப் செய்ய வேண்டும். சுவிட்ச் கதவை ஒட்டி இருந்ததால், கதவோரம் நிற்பவர் வேலை அது. முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். ஒரு தடவை சேகர் ஆன் செய்ய மறந்து, எங்கள் அப்பாவின் நாற்றங்கால் காய்ந்துவிட்டது. அப்பா மண்வெட்டியோடு அவனைச் சுத்துக்கேணி வரைக்கும் துரத்தினார் என்று கதிர் இன்றைக்கும் சொல்வான். அவ்வளவு தூரமெல்லாம் இல்லை. வாய்க்கால் மேடு வரைக்கும்தான்.

கதவோரம்

பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த சேகரின் மாமா ஒரு நல்ல டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். பேட்டரியில் ஓடுவது. மறுநாள் அவர் கிளம்புகிறார். 'கோடைத் தண்ணி'யைக் கேசட்டுக்குப் பதிவு செய்வதென்றால் அந்த ஒரு பகல்தான் இருந்தது.

அன்று காலை கரும்பு வெட்டும்போது அண்ணனின் இடது கை ஆள்காட்டி விரலில் கத்தி இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு கொட்டாய்க்கு வந்தார். துணி முழுக்க ரத்தம்.

"சுமதி, நான் பாடறன். நீ வாசி."

"நானா? இன்னாண்ணா, வெளையாடறியா?"

"நான் சோறு துன்னற நேரத்துல நீ வாசிக்கறது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? போ, போய் கதவாண்ட நில்லு."

கதவோரம் நின்றேன். வெளியே நல்ல வெயில், உள்ளே கிரீஸ் நாற்றம். சோலோ வந்தது. எனக்குப் பயத்தில் காது அடைத்திருந்தது, ஆனால் விரல் எனக்கு முன்னால் ஓடியது. பாதி தூரம் போயிருப்பேன். முதுகுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் 'ட்ரக்' என்றது. ஆட்டோவை ஆஃப் செய்ய நான் மறந்திருந்தேன்.

ஆம்ப் செத்தது. கதிர் மிரண்டுபோய்க் குச்சிகளைத் தூக்கிவிட்டான். நிறுத்தாதே என்று அண்ணன் கண்ணைக் காட்டினார். வோல்டேஜ் திரும்பி வந்தபோது விட்ட இடம் எனக்கு மறந்துவிட்டது. கைக்குக் கிடைத்த உயரத்தில் ஏதோ ஒரு நோட்டைப் பிடித்தேன். பிறகு மோட்டாரின் ரீங்காரத்தோடு வாசித்து முடித்தேன். கடைசியில் தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அன்றைக்கு அப்பா முறை.

அதுதான் எட்டி மூச்சு. அதுதான் தம்பூரா. அந்த மழை எங்கள் அப்பாவின் நாற்றங்காலுக்குப் போன தண்ணீர்.

அண்ணன் திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே ஒன்ன நம்ப மாட்டன். ஆட்டோவப் பாத்தியான்னு நானே கேட்டுக்கறன்" என்றார். அப்புறம் ஒவ்வோர் ஒத்திகையிலும் அப்படித்தான் கேட்டார்.

கேசட் உறையில் என் பெயர் இல்லாததற்குக் காரணமும் நான்தான். அந்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பம்புசெட்டில் மூன்று ஆம்பளைப் பசங்களோடு கிட்டார் அடிக்கிற பெண் என்று கரையாம்புத்தூர் வரைக்கும் பேச்சாகிவிடும் என்று பயந்தேன். என் பெயரைப் போடாதே என்று அழுதேன்.

"ஒன் வேலய என் பேர்ல போட்டா நான் திருடன் சுமதி" என்றார் அண்ணன். இரண்டு நாள் சண்டை போட்டார். என் தலையில் அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன், கதிரிடமும் சேகரிடமும் சேர்த்து. அந்த வரன் ஜாதகம் பொருந்தவில்லை என்று தட்டிப்போனது தனிக் கதை. அடுத்த வரனுக்குக் கழுத்தை நீட்டியதும் கொட்டாய்க்குப் போவது நின்றது.

அதற்குப் பிறகு அண்ணன் மேடைகளில் அந்த சோலோவை நூறு விதமாக வாசித்தார். கூட்டம் கேட்டதால் மூச்சுக்கான இடைவெளியையும் விட்டார். நான் முன்வரிசையில் இருந்தால் அந்த இடத்தில் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

செத்தவரிடமிருந்து

பரீட்சையில் ஃபெயிலான அன்று மத்தியானமே மல்லிகா அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். கச்சேரிக்கு முன்னால் உண்மையைச் சொல்வதென்றால் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணி, கோடைத் தண்ணில வர்ற அந்த சோலோ... அத்த வாசிச்சது அண்ணன் இல்ல. நான்."

மெஷின் நின்றது. அண்ணி நூலைப் பல்லால் கடித்தார்.

"இத்தினி வருசம் என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே அவரு."

"நான்தான் சத்தியம் வாங்கிக்கினன். அன்னிக்கி இன்னா ஆச்சின்னா..."

"வோணாம். அவரு போயி வருசம்கூட ஆவல. இருக்கறது அந்தப் பேரு ஒன்னுதான். அதையும் செத்தவராண்டயிருந்து புடுங்காத சுமதி."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. மோட்டார் கதைக்கு நான் போகவே இல்லை. வண்டியில் வரும்போது ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணி சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு நியாயம் இல்லையா என்ன? என் கையால் பிறந்ததை எனக்கே ஒரு லேப்டாப் கோடு போட்டுத் திருத்துகிறது. வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவதா, அண்ணியின் முகத்தில் விழிக்க முடியாமல் போவதா?

கடைசியில் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் அப்படி நான் எடுத்த முடிவுகள் எதுவும் நிலைத்ததில்லை.

ஒன்ஸ் மோர்

ஞாயிறு சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அண்ணனின் பெரிய படம், ரோஜா மாலை. முன்வரிசையில் அண்ணியும் நானும். சால்வை போட்டார்கள். பட்டு மாதிரி இருந்தது, கழுத்தை அறுத்தது.

ரோஷன் நன்றாகவே வாசித்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். டிரம்ஸில் நரைத்த தாடியோடு கதிர். சோலோ வந்தது. ஒவ்வொரு நோட்டும் ஒலிநாடாவில் இருப்பது போலவே. மூச்சு வந்தது. மண்டபம் முழுக்க செல்போன்கள் உயர்ந்தன, சிலர் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். சரியாக இரண்டு பீட். பிறகு ஸ்பீக்கரில் ரீங்காரம், அதன் மேல் மழை. பாஸ்கர் அதையெல்லாம் லேப்டாப்பில் தயாராக வைத்திருந்தார்.

நான் செய்த தப்பைச் சாமியாக்கிக் கும்பிடுகிறார்கள். ஒரு பாட்டை நூறு விதமாக வாசித்த மனிதரை ஒரே விதத்தில் போட்டுப் பூட்டுகிறார்கள். அண்ணன் செத்தது வரப்பில் இல்லை, இதோ இங்கேதான் என்று தோன்றியது.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று கூட்டம் கத்தியது.

எழுந்து மேடைக்குப் போனேன். சால்வையைக் கழற்றி ஆம்ப் மேல் போட்டேன்.

"தம்பி, அத்தக் கொஞ்சம் குடுங்க."

ரோஷன் கிட்டாரைக் கழற்றித் தந்தார்.

"அக்கா, வேணாங்க்கா. ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று ஓடிவந்தார் பாஸ்கர்.

"ஒத்துக்கலன்னா வூட்டுக்குப் போவட்டும். கதிரு, எண்ணு."

கதிர் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு சிரித்து, குச்சியைத் தட்டி நாலு எண்ணினான்.

வாசித்தேன். மூச்சு வரும் இடம் வந்தது. நிறுத்தவில்லை. அன்று மறந்துபோன இடம் இப்போது விரலுக்கு நன்றாகத் தெரிந்தது, அதில் நேராகப் போனேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பாதியில் நின்றிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் அந்த உயரத்து நோட்டுக்கு ஏறினேன்.

முடித்தபோது கைதட்டல் இல்லை. பின்னாலிருந்து யாரோ, "தப்பு! மூச்சு எங்க?" என்று கத்தினார்கள்.

மைக்கை இழுத்தேன். "அது மூச்சு இல்லப்பா. மோட்டாரு எடுத்துக்குச்சி, வோல்டேஜ் பூட்ச்சி. அன்னிக்கி ஆட்டோவ ஆஃப் பண்ண மறந்துட்டன். இன்னிக்கி ஆஃப் பண்ணிட்டு வந்திருக்கன்."

பாஸ்கர் மின்சாரம் தெரிந்தவர். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், மிக மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த மழ?"

"எங்கப்பா நாத்தங்காலுக்குப் போன தண்ணி."

"அப்ப வாசிச்சது..."

"கதவாண்ட நிக்கறவங்கதான் ஆட்டோவ ஆஃப் பண்ணணும். அன்னிக்கி அங்க நின்னு வாசிச்சது நான்தான். அண்ணனுக்கு வெரல்ல வெட்டு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் முன்வரிசையைப் பார்த்தேன். மல்லிகா அண்ணி எழுந்து நின்றிருந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடையை நோக்கி நடந்து வந்தார். படியேறாமல் கீழேயே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஆட்டோவா சொன்ன?"

"ஆமா அண்ணி."

"அவரு தெனம் வூட்ல கிட்டார எடுக்கும்போது ஒருதபா கேப்பாரு. 'சுமதி, ஆட்டோவப் பாத்தியா'ன்னு. நீ ஒன் வூட்ல இருப்ப. எங்க வூட்ல வேற யாருமே இருக்க மாட்டாங்க. நான்கூட இன்னா இந்த மனுசன் பைத்தியமான்னு வைவன்." அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "சாவற அன்னிக்கிக் காலையிலகூடக் கேட்டாரு சுமதி."

அழுகையை யாருக்கும் காட்டுவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு ஒரு மண்டபமே பார்த்தது.

அண்ணி கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஒன்ஸ் மோர் கேட்டீங்க இல்ல? ஒக்காருங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஆட்டோவப் பாத்தியா?"

"பாத்துட்டன் அண்ணி" என்றேன். கதிர் எண்ண ஆரம்பித்தான்.